ஹீட்டரை யார் மாட்டினால் என்ன, உரிமை போய்விடுமா?

கேள்வி: தொட்டி இல்லாத 6 கிலோவாட் மின்சார வாட்டர் ஹீட்டர் வாங்கி, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டினோம். ஷவரில் வெதுவெதுப்பாகத்தான் தண்ணீர் வருகிறது. எங்கள் ஆள் மாட்டாததால் வாரண்டி செல்லாது என்கிறது நிறுவனம். யார் மீது புகார் கொடுப்பது?

பதில்: வாரண்டி அட்டையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் ஒரு வாளியை ஷவருக்கு அடியில் வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் விழுகிறது என்று பாருங்கள். ஹீட்டரைப் போடாமல் ஒரு முறை, போட்டு ஒரு முறை வெப்பநிலையை அளந்து, தேதியோடு குறித்து வையுங்கள்.

இதை ஏன் கேட்கிறேன் என்றால், நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி உயர்த்தவே ஏறத்தாழ 1.75 கிலோவாட் வேண்டும். உங்கள் ஷவரில் 8 லிட்டர் ஓடினால், இந்த ஹீட்டரால் 11 டிகிரிகூட ஏற்ற முடியாது. கணக்கு அப்படி வந்தால் கருவியில் பழுது இல்லை. அது உங்கள் தேவைக்குப் போதாது, அவ்வளவுதான். அப்போது நீங்கள் பேச வேண்டியது கடைக்காரரிடம். யார் மாட்டினார்கள் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். இங்கிலாந்தின் 1893 சரக்கு விற்பனைச் சட்டத்தில் இருந்த இந்த விதி, இலங்கையின் 1896, இந்தியாவின் 1930, மலேசியாவின் 1957 சட்டங்களிலும் உண்டு. "ஷவருக்குத் தாராளமாகப் போதும்" என்று கடையிலிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்திருந்தால், அதை அழித்துவிடாதீர்கள். நீங்களே மாடலின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தால் இந்த வாதம் பலவீனம்தான்.

அளந்து பார்த்ததில், 8 லிட்டர் ஓடும்போது 11 டிகிரி என்ற இந்தக் கணக்கைவிட வெகு குறைவாக ஏறுகிறதா? அப்போதுதான் வாரண்டி அட்டையைப் பிரிக்க வேண்டும். "எங்கள் ஆள் மாட்டினால்தான் வாரண்டி" என்பது ஒன்று. "தவறாக மாட்டியதால் வந்த பழுதுக்குப் பொறுப்பில்லை" என்பது வேறு. இரண்டாவது வாசகம் என்றால், எந்தத் தவறு எந்தப் பழுதைத் தந்தது என்று நிறுவனத்தை எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள். வாசகம் இரண்டு பொருள் தந்தால், எழுதியவருக்கு எதிராகப் பொருள் கொள்வதே நீதிமன்றங்களின் பொதுவான வழக்கம். முதலாவது என்றால் வாரண்டியை நம்பிப் போராடுவது கடினம். ஆனாலும் கடைக்காரர் மீது சட்டம் தரும் உரிமை தனியாக நிற்கிறது.

அப்புறம், இதை இன்றே பாருங்கள். 230 வோல்ட்டில் இந்த ஹீட்டர் 26 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கில் செருகியிருந்தாலோ, பிளக் ஓரம் கருகியிருந்தாலோ, மெயினை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள். தகுந்த கேபிள் போடாத எலக்ட்ரீஷியனின் பொறுப்பு தனி. அந்த ஒயரையும் பிளக்கையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எந்த நிபுணர் வந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

நிறுவனம், கடை இரண்டுக்கும் வந்து பார்க்கச் சொல்லி, நாள் குறிப்பிட்டுக் கடிதம் எழுதுங்கள். அவர்கள் பார்க்கும்வரை வேறு யாரையும் கருவியைத் திறக்க விடாதீர்கள். வேறு ஆள் கைவைத்துவிட்டால், பழுது முன்பே இருந்தது என்று காட்டுவது பெரும்பாடாகிவிடும்.