உலகம் சுற்றும் கேள்விகள், ராயபுரத்துப் பதில்கள்

சரக்குக் கப்பலின் என்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ராயபுரத்தில் இருக்கிறேன். வெளிநாடு, பயணம், அந்தந்த ஊர் வழக்கம் என்று வடசென்னை ஆட்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணே, கருவாடு நம்ம ஊரில் மட்டும்தானா? வெள்ளைக்காரர்கள் நாட்டில் காய வைப்பார்களா? (காசிமேட்டில் கருவாடு வியாபாரம் செய்யும் அக்கா)

நன்றாகவே காய வைக்கிறார்கள் அக்கா. நார்வேயின் வடபகுதியில் லோஃபோதென் என்று ஒரு தீவுக் கூட்டம் இருக்கிறது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை காட் மீன் முட்டையிட அங்கே கூட்டம் கூட்டமாக வரும். பிடித்ததும் தலையை வெட்டி, குடலை எடுத்துவிட்டு, இரண்டிரண்டு மீனாக வாலில் கயிறு கட்டுவார்கள். ஆள் உயரத்துக்கும் மேலே மரக்கம்பங்களால் பெரிய பந்தல் போட்டிருப்பார்கள். ஜோடி ஜோடியாக அதில் தொங்கவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் மீன் கட்டையாகிவிடும்.

உப்பே போடுவதில்லை என்பதுதான் இதில் விசேஷம். நமக்கு வெயிலும் ஈயும் இருப்பதால் உப்பில்லாமல் முடியாது. அங்கே குளிர்காலத்தில் ஈ கிடையாது. கடல் நீரோட்டம் கொண்டுவரும் வெதுவெதுப்பால் குளிரும் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே நிற்கும். அதைவிடக் குளிர்ந்தால் மீன் உறைந்து சதை கெட்டுவிடும், சூடானால் அழுகிவிடும். அந்த நடுத்தரக் குளிரும் கடல்காற்றும் சேர்ந்து காய வைத்துவிடுகின்றன. நல்ல ரகம் இத்தாலிக்குப் போகும். நைஜீரியாவிலும் இதற்குப் பெரிய சந்தை உண்டு. வெட்டிய தலையையும் தனியாகக் காய வைத்து அங்கே அனுப்புகிறார்கள், குழம்புக்கு ருசி சேர்க்க. ஒன்றையும் வீணாக்காத அந்தப் பழக்கம் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

பக்கத்திலேயே மாலத்தீவில் சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, பிறகு வெயிலில் காய வைப்பார்கள். நாம் மாசி என்று சொல்வது அதைத்தான். ஜப்பானிலும் சூரையில் கிட்டத்தட்ட இதே வேலை நடக்கிறது. அதைச் சீவல் சீவலாகச் செதுக்கித்தான் அவர்கள் சூப்புக்கு அடிப்படைச் சாறு எடுக்கிறார்கள்.

ஐயா, பாரிமுனையில் ஆர்மேனியன் தெரு இருக்கிறது, ஆனால் அங்கே ஒரு ஆர்மேனியரைக்கூடப் பார்த்ததில்லை. யார் அவர்கள்? (கல்லூரி மாணவி, மண்ணடி)

ஆர்மேனியா கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவில் இருக்கும் சின்ன மலைநாடு. கடற்கரை கிடையாது. கிறிஸ்தவத்தை அரசு மதமாக ஏற்ற முதல் நாடு என்ற பெருமை அதற்கு உண்டு. கி.பி. 301 என்பது மரபாகச் சொல்லப்படும் வருடம். சென்னைக்கு வந்த ஆர்மேனியர்களில் பலர் ஈரானின் இஸ்ஃபஹான் நகரத்தை ஒட்டிய புது ஜுல்ஃபாவிலிருந்து வந்த வணிகர்கள். பட்டும் ரத்தினமும் விற்றுப் பெரும் செல்வர்களானார்கள். அவர்களில் பெட்ரஸ் உஸ்கான் என்பவர் தன் சொந்தப் பணத்தில் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டிக் கொடுத்தார், பரங்கிமலைக்குப் படிகளும் அமைத்தார்.

நீ அந்தத் தெருவில் இருக்கும் தேவாலயத்துக்குள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் அம்மா. 1772-ல் கட்டியது. முற்றத்துத் தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களில் ஆர்மேனிய எழுத்து இன்னும் தெளிவாகத் தெரியும். ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியாரின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. உலகத்திலேயே ஆர்மேனிய மொழியில் வந்த முதல் பத்திரிகையான 'அஸ்தரார்' இதழை 1794-ல் அவர் அச்சிட்டது நம் சென்னையில்தான். இது நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அத்தோ (பர்மா நூடுல்ஸ்), மொய்ங்கா எல்லாம் பர்மாவிலும் இதே ருசியில் கிடைக்குமா? (தண்டையார்பேட்டை)

பெயரும் ஜாடையும் ஒன்று, ருசி வேறு. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது, அடுத்த ஓரிரு வருடத்தில் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆயின. அப்போது லட்சக்கணக்கில் இந்தியர்கள் திரும்பி வந்தார்கள். வந்தவர்களின் கைப்பக்குவம்தான் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கத் தெருக்களில் தள்ளுவண்டியாக நிற்கிறது. ரங்கூனில் மொய்ங்கா என்பது காலைச் சாப்பாடு. மீனைக் கரைத்த கெட்டியான குழம்பில் அரிசி நூடுல்ஸ், கூடவே வாழைத்தண்டு. இங்கே வாழைத்தண்டு சூப்பில் மீன் வாசனை குறைந்து, மிளகு காரம் ஏறி, மாலை நேரத்துத் தீனியாக மாறிவிட்டது. இரண்டையும் சாப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், நம்முடையதைப் போலி என்று யாரும் சொல்ல வேண்டாம். இங்கே அதற்கு அறுபது வருட வயதாகிவிட்டது.

பையனுக்குக் கம்போடியாவில் கம்ப்யூட்டர் வேலை, விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். அனுப்பலாமா தம்பி? (வியாசர்பாடி அம்மா)

அனுப்பாதீர்கள் அம்மா. இதை நான் தயங்காமல் சொல்கிறேன். டேட்டா என்ட்ரி வேலை என்று கூட்டிப்போய், கம்போடியா, மியான்மர், லாவோஸ் எல்லைப் பகுதிகளில் அடைத்துவைத்து, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலரை அரசு மீட்டுக் கொண்டுவந்திருக்கிறது. சுற்றுலா விசாவில் போனவன் அந்த நாட்டுச் சட்டப்படி வேலைக்காரனே இல்லை. சம்பளம் வரவில்லை என்று புகார் கொடுக்கப் போனாலும் முதலில் இவனைத்தான் பிடிப்பார்கள்.

எந்த நாடாக இருந்தாலும் முதலில் ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பையனையே பார்க்கச் சொல்லுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'ஈசிஆர்' (குடியேற்றச் சோதனை தேவை) என்ற குறிப்பு இருக்கும். சவூதி, குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்களுக்குக் குடியேற்ற அனுமதி வேண்டும். இது தடங்கல் மாதிரித் தோன்றும், ஆனால் ஒப்பந்தத்தைச் சரிபார்க்கத்தான் அந்த ஏற்பாடு. தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது, அங்கே பதிவு செய்துவையுங்கள். கிளம்புகிற அன்று பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலும் உங்கள் பீரோவில் இருக்கட்டும்.

பனாமா கால்வாயில் கப்பல் மேலே ஏறும் என்கிறார்களே, தண்ணீர் எப்படி மேலே ஏறும்? (பத்தாம் வகுப்பு மாணவன், பழைய வண்ணாரப்பேட்டை)

நல்ல கேள்வி தம்பி. நடுவில் இருக்கும் காட்டூன் ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 26 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆற்றை அணைகட்டி மறித்து உண்டாக்கிய ஏரி அது. கப்பல் ஒரு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்னால் கதவை மூடுவார்கள். மேல்தொட்டித் தண்ணீரைக் கீழே திறந்துவிட்டால் கப்பல் தானாக மிதந்து எழும். பம்ப்பே கிடையாது, தண்ணீர் மேலிருந்து கீழேதான் ஓடுகிறது. இப்படி மூன்று படி ஏறி, ஏரியைக் கடந்து, அந்தப் பக்கம் மூன்று படி இறங்கும்.

1914-ல் திறந்த பழைய தொட்டியின் அகலம் 33.5 மீட்டர். அதில் 32 மீட்டர் அகலக் கப்பல் போகும். டெக்கில் நின்று எட்டிப் பார்த்தால் கான்கிரீட் சுவர் கைக்கு எட்டிவிடும்போல இருக்கும். உரசாமல் இருக்க, இரண்டு கரையிலும் தண்டவாளத்தில் ஓடும் ரயில் என்ஜின்கள் கம்பி கட்டிக் கப்பலை நேராகப் பிடித்துக்கொள்ளும். ஒரு கப்பல் கடக்க ஏறக்குறைய 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலுக்குப் போய்விடும். 2023-ல் மழை பொய்த்தபோது கப்பல்களின் எண்ணிக்கையையே குறைக்க வேண்டியதாயிற்று. அப்புறம் உன் அட்லஸை எடுத்துப் பார்: பசிபிக் பக்க வாசல், அட்லாண்டிக் பக்க வாசலுக்குக் கிழக்கே இருக்கும்!

சூரியனே மறையாத ஊரில் நோன்பு எப்படிப் பிடிப்பார்கள் பாய்? (மண்ணடி)

நார்வேயின் ட்ரோம்சோவில் மே மூன்றாம் வாரத்திலிருந்து ஜூலை நான்காம் வாரம் வரை சூரியன் மறையாது. அந்த மாதிரி ஊர்களில் பலர் மக்கா நேரத்தைப் பின்பற்றுகிறார்கள். பகலும் இரவும் ஒழுங்காக வரும் பக்கத்து ஊரின் நேரத்தை எடுத்துக்கொள்வோரும் உண்டு. ரமலான் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்வதால், குளிர்காலத்தில் வந்தால் சூரியனே உதிக்காத சிக்கலும் வரும். அப்போதும் இதே வழிதான்.

டிப்ஸ் கொடுக்காவிட்டால் தப்பாக நினைப்பார்களா? (பெரம்பூர்)

அமெரிக்காவில் உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் நினைப்பார்கள். பரிமாறுபவரின் வருமானமே பெரும்பாலும் அதில்தான், பில்லில் 15 முதல் 20 சதவீதம் வைக்க வேண்டும். ஜப்பானில் வைக்கவே வைக்காதீர்கள், பணத்தை மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடிவருவார்கள்.

ஆப்பிரிக்கா போக மஞ்சள் காய்ச்சல் ஊசி எங்கே போடுவது? (திருவொற்றியூர்)

ராஜாஜி சாலையில் இருக்கும் துறைமுக சுகாதார அலுவலகத்தில் போடுகிறார்கள், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் உண்டு. பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், முன்பதிவு விவரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதனால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். முட்டை ஒவ்வாமை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.