சிறகை விரிக்கும்வரை அதுவும் ஒரு கல்: பறவைகள் கேள்வி – பதில்

உத்தராகண்டில் எடுத்த ஒரு படத்தில், சாம்பல் நிறப் பறவை ஒன்று செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிறகில் மட்டும் ரத்தச் சிவப்பு. மரங்கொத்தி வகையா?
– ஈரோடு வாசகி

இல்லை, அது வால்கிரீப்பர். பெயரில் உள்ள ‘வால்’ நம் ஊர் வால் அல்ல, ஆங்கிலச் சுவர். உண்மையில் பாறை ஏறுவதில் இதன் வாலுக்கு வேலையே இல்லை. மரங்கொத்தி தன் விறைப்பான வாலை மூன்றாவது கால்போல மரத்தில் ஊன்றிக்கொள்ளும். வால்கிரீப்பரின் வாலோ குட்டை, மென்மையானது, ஊன்றினால் நிற்காது. அதனால் நீண்ட விரல்களும், பின்விரலின் நீளமான வளைந்த நகமும்தான் பாறைச் சொரசொரப்பில் கொக்கிபோல மாட்டி உடலைத் தாங்குகின்றன. பறவையின் எடை 17 முதல் 19 கிராம்தான் என்பதால் அது போதும்.

இதன் குடும்பத்தில் வேறு இனம் கிடையாது. நெருங்கிய உறவு என்றால், நம் சோலைக்காடுகளிலும் காணப்படும் பசையெடுப்பான்களைச் சொல்லலாம். அவை தலைகீழாகவும் மரத்தில் இறங்கும். இது பெரும்பாலும் மேல்நோக்கித் தத்தித் தத்தி ஏறும். மெல்லிய, சற்றே கீழ்நோக்கி வளைந்த அலகை இடுக்குக்குள் விட்டுப் பூச்சியையும் சிலந்தியையும் இழுத்தெடுக்கும்.

டிசம்பரில் உத்தராகண்டின் கார்பெட் தேசியப் பூங்கா பக்கம் போகிறோம். இந்தப் பறவையைப் பார்க்க எங்கே, எப்படித் தேடுவது?
– கோவை வாசகர்

சரியான மாதம். கோடையில் போயிருந்தால் உயர்மலைப் பாறை முகடுகளில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிதான் மிச்சமாகும். பனி விழுந்ததும் மேலே பூச்சி கிடைக்காது. அதனால் பறவை ஆற்றோரத்துக்கு இறங்கிவிடும். ராம்நகர் அருகே கோசி ஆற்றுப் படுகை இதற்குப் பெயர்பெற்ற இடம். ஊரிலிருந்து சுமார் 14 கி.மீ. தள்ளி, ஆற்றின் நடுவே பாறைமேல் நிற்கும் கர்ஜியா கோயிலின் சுற்றுப்புறத்திலிருந்து தொடங்கலாம்.

புதிதாகப் பார்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு, சிவப்பைத் தேடுவது. சிறகு மூடியிருக்கும்போது சிவப்பு ஒரு கீற்றாகத்தான் தெரியும், பல கோணங்களில் அதுவும் தெரியாது. சாம்பல் கல்லின்மேல் சாம்பல் பறவை. ஆகவே அசைவைத் தேடுங்கள். ஏறும்போது நொடிக்கொரு தரம் சிறகைச் சட்டென்று பாதி விரித்து மூடும் பழக்கம் இதற்கு உண்டு. அந்தச் சிமிட்டல்தான் காட்டிக்கொடுக்கும்.

8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை கொண்ட) பைனாகுலர் போதும். பாறைக்கு அடியில் போய் நிற்காதீர்கள்; கோணம் செங்குத்தாகிவிட்டால் பறவை புடைப்புகளுக்குப் பின்னால் மறைந்துவிடும், கல் உருண்டு விழும் ஆபத்தும் உண்டு. எதிர்க்கரையில் நின்று, முதலில் வெறுங்கண்ணால் முழுப் பாறையையும் இரண்டு மூன்று நிமிடம் பாருங்கள். பிறகு பைனாகுலரில் கீழிருந்து மேலாக வரிவரியாகத் துழாவுங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கிடக்கும் உருண்டைக் கற்களையும் விட்டுவிடாதீர்கள். எல்லோரும் உச்சியைப் பார்த்துக்கொண்டிருக்க, பறவை காலடிக் கற்களில் மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு பாறையை முடித்துவிட்டுப் பறக்கும்போது, அகன்று உருண்ட கறுப்புச் சிறகில் சிவப்பும் வெள்ளைப் பொட்டுகளுமாக, பட்டாம்பூச்சி தள்ளாடுவதுபோல இருக்கும். அதைப் பார்த்தவருக்கு இரண்டாம் முறை விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது தவறு, அதே கற்களில் உட்காரும் ரெட்ஸ்டார்ட் குருவிகளைப் பார்த்து ஏமாறுவது. செம்மை வாலில் இருந்தால் ரெட்ஸ்டார்ட், சிறகில் இருந்தால் வால்கிரீப்பர்.

படம் எடுப்பவர்கள் ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்குக் குறைக்காமல் வைப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் சிமிட்டும் சிறகு கலங்கிய சிவப்புத் தீற்றலாகத்தான் பதியும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்க வேண்டாம். குளிர்காலத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனியே இரைநிலத்தைக் காத்துக்கொண்டு வாழ்கின்றன. இல்லாத எதிரியை விரட்ட, குளிர்நாளில் கிடைத்த கொஞ்ச இரையின் சக்தியைச் செலவழிக்க வைப்பது நியாயமில்லை.

முதல் நாள் கிடைக்கவில்லையென்றால் மறுநாளும் அதே இடத்துக்குப் போங்கள். பிடித்த இடத்தை எளிதில் விடாத பறவை இது. தட்டையான நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாமின் ஒரு பல்கலைக்கழகக் கட்டடச் சுவரையே பாறையாக நினைத்து 1989–91இல் ஒரு வால்கிரீப்பர் அடுத்தடுத்த குளிர்காலங்களைக் கழித்திருக்கிறது.

ஆண், பெண் வேறுபாடு?
– சேலம் வாசகர்

இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தொண்டை கறுப்பு. குளிர்காலத்தில் இரண்டுக்கும் வெளிறிய தொண்டை, களத்தில் பிரித்தறிய முயல வேண்டாம்.

கூடு எங்கே கட்டும்?
– தஞ்சை வாசகி

பாறைப் பிளவின் உள்ளே. பெரும்பாலும் இரண்டு வாசல் உள்ள பொந்து. பெண் பாசியால் கிண்ணம்போல் அமைத்து, உள்ளே ரோமமும் கம்பளி இழையும் மெத்தையிடும். முட்டை பெரும்பாலும் 4 அல்லது 5. அடைகாப்பது பெண் மட்டும், 19–20 நாள். அதுவரை ஆண் இரை கொண்டுவந்து ஊட்டும். குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியேற 28–30 நாள் ஆகும். சிறிய பறவைக்கு இது நீண்ட காலம். ஆனால் வாசலுக்கு வெளியே செங்குத்துப் பள்ளம் என்றால் அரைகுறைச் சிறகோடு இறங்க முடியாதல்லவா!

மதுரை யானைமலைப் பாறையில் குளிர்காலத்தில் ஒரு நீலப் பறவை உட்காருகிறது. வால்கிரீப்பராக இருக்குமா?
– மதுரை வாசகர்

இருக்காது, வால்கிரீப்பர் நம் பக்கம் வருவதில்லை. நீங்கள் சொல்வது பெரும்பாலும் நீலப் பூங்குருவியின் ஆண். அதுவும் பாறை விரும்பிதான், வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வந்து கோடைக்கு முன் திரும்பிவிடும். பாறை முனையில் நிமிர்ந்து உட்காரும், சுவரில் ஏறாது. பெண் பழுப்பாக, வயிற்றில் செதில் கோடுகளோடு இருக்கும். மலை ஓடையோரத்தில், இதைவிடப் பெரிதாக, நெற்றியிலும் தோளிலும் மட்டும் நீலம் பளபளத்தால் அது சீகாரப் பூங்குருவி. அடுத்த முறை நெற்றியைக் கவனித்துவிட்டு எழுதுங்கள்.