க்ரோனிங்கனுக்கு வரப்போகும் தம்பிக்கு

தம்பி, க்ரோனிங்கனில் கரும்பொருள் ஆய்வுக்கு பி.எச்.டி. இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் எம்.எஸ்சி. இயற்பியலில் வானியல் ஒரு தாள்கூடப் படிக்கவில்லை, நெதர்லாந்துக்கு வந்து சமாளிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தைரியமாக வாருங்கள். நானும் அப்படி வந்தவன்தான்.

பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இங்கே பி.எச்.டி. செய்பவர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியர். நான்கு வருட ஒப்பந்தம், மாதச் சம்பளம். வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு, இப்போதே தேடத் தொடங்குங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். சூரியனைவிட்டுத் தள்ளிப் போகப் போகக் கோள்களின் வேகம் குறைகிறது: புதன் நொடிக்கு 47 கி.மீ., நெப்டியூன் 5 கி.மீ. சொச்சம். கேலக்ஸியின் ஓரத்தில் சுற்றுபவற்றின் வேகமும் அப்படிக் குறைய வேண்டும், குறைவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பொருளின் ஈர்ப்புதான் காரணம் என்கிறார்கள், அதுதான் நீங்கள் ஆராயப்போகும் கரும்பொருள். ஆண்ட்ரோமீடா கேலக்ஸியில் வானியலாளர்கள் வீரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970இல் இதை அளந்தார்கள். நீங்கள் வரும் ஊரிலேயே ஆல்பர்ட் பொஸ்மா 1978இல் தன் ஆய்வேட்டில், ஹைட்ரஜன் வாயு வெளிவிடும் 21 செ.மீ. ரேடியோ அலையை வைத்து, விண்மீன்களின் ஒளி ஓய்ந்த இடத்துக்கு அப்பாலும் வேகம் இறங்காததைக் காட்டினார். அதை அளந்த வெஸ்டர்போர்க் தொலைநோக்கி பக்கத்து மாகாணத்தில்தான் இருக்கிறது. 25 மீட்டர் அகலத்தில் 14 தட்டுகள் ஒரே வரிசையில் நிற்கும். வந்ததும் போய்ப் பாருங்கள்.

முதல் வருடம் முழுக்கப் பைத்தானில் நிரல் எழுதுவதும் தொலைநோக்கித் தரவில் இரைச்சல் நீக்குவதும்தான். அலுப்பாக இருக்கும். ஆனால் தரவை வேகவாரியாக ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பாருங்கள்: கேலக்ஸியின் ஒரு முனையில் வெளிச்சம் தோன்றி, மெல்ல நகர்ந்து, மறுமுனையில் மறையும். இருட்டுப் பிராகாரத்தில் யாரோ விளக்கேந்திப் போவது போல. அந்தச் சுழற்சியைக் கண்ணால் பார்த்த அன்றுதான் இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மாட்டிக்கொண்டால் கைடிடம் உடனே சொல்லுங்கள். இங்கே பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கேள்வி கேட்பதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. நம் ஊர்ப் பழக்கத்தில் நான் இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. நான் கணக்கிட்ட சுழற்சி வேகங்கள் எல்லாம் நம்பமுடியாத அளவுக்கு அதிகமாக வந்துகொண்டிருந்தன. கடைசியில் கைடிடம் காட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், கேலக்ஸியின் சாய்வுக் கோணத்தை, அதாவது அதன் தட்டு நம் பார்வைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை, குறைவாக வைத்திருக்கிறேன் என்று கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். மாற்றிப் போட்டதும் வேகம் சரியாக வந்தது, தூரத்தோடு வேகம் மாறுவதைக் காட்டும் வளைவு ஓரம்வரை இறங்காமல் நேராகப் போனது. அன்று ராத்திரி அம்மாவுக்கு போன் செய்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வரும் தேதி முடிவானதும் எழுதுங்கள், ஸ்டேஷனுக்கு வருகிறேன்.