மைப்பெட்டியோடு வராதீர்கள்: அற்றோணி பற்றிய வாசகர் கேள்விகள்

ஆவணியில் வெளிநாட்டுச் சனம் வந்து போனால், அடுத்த மாதக் கடிதங்களில் பாதி அற்றோணித் தத்துவம் பற்றித்தான் இருக்கும், அதாவது உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் கையொப்பமிட நீங்கள் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். இந்த முறையும் அப்படியே.

எனக்கு 26 வயது. இரண்டு வருட ஒப்பந்தத்தில் கட்டாருக்குப் போகிறேன். அற்றோணி வயசாளிகளுக்குத்தானே? – விசுவமடு

யார் சொன்னது? 18 முடிந்த எவரும் எழுதலாம். ஆள் ஊரில் இல்லாமல் போவதுதான் இங்கே விசயம், வயது அல்ல. மோட்டார் சைக்கிள் லீசிங்கில் எடுத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் மாதம் கொம்பனியிலிருந்து கடிதம் வந்தால் அம்மாவால் அதற்குக் கையொப்பமிட முடியாது. இங்கே இருக்கும்போது எழுதினால் அரை நாள் வேலை. அங்கே போய் எழுதுவதென்றால் லீவு எடுத்து, தூதரகத்துக்கு அலைந்து, மூலப்பிரதியைத் தபாலில் போட்டு, அது வந்து சேருகிறதா என்று காத்திருக்க வேண்டும். டிக்கெட் போடும் கிழமையே, உறுதியும் அற்றோணியும் எழுதும் என் போன்ற நொத்தாரிசு ஒருவரிடம் போங்கள்.

பொது அற்றோணி நல்லதா, விசேட அற்றோணி நல்லதா? – பரந்தன்

விசேடம். எந்தக் காணி, எந்த வங்கிக் கணக்கு, என்ன வேலை என்று எழுதி, அதோடு நிறுத்துங்கள். 'எல்லா அதிகாரமும்' கேட்கிறவரிடம் எதற்கு என்று கேளுங்கள்.

அப்பாவுக்கு 58 வயது. போன மாதம் பாரிசவாதம் வந்து நினைவு இல்லாமல் கிடக்கிறார். வயலும் வங்கிக் கணக்கும் அவர் பெயரில். ஆஸ்பத்திரியில் வைத்துக் கைநாட்டு எடுத்து அற்றோணி எழுதித் தருவீர்களா? – வட்டக்கச்சி

மாட்டேன். இதே கேள்வி எத்தனை தரம் வந்துவிட்டது! நினைவில்லாதவரின் விரலைப் பிடித்து மையில் தோய்ப்பது கள்ளக் கையெழுத்து. அதற்கு வேறு பெயர் இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆஸ்பத்திரி வார்ட்டுக்கு இரவு ஒன்பது மணிக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். மூத்த மகன் கடதாசியும் மைப்பெட்டியுமாகத் தயாராக நின்றார். அம்மாவிடம் பெயரைக் கேட்டேன். செத்துப்போன தன் தம்பியின் பெயரைச் சொன்னார். நான் பேனையை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வாசல் வரை வந்து திட்டினார்கள். பிறகு வேறு யாரிடமோ எழுதுவித்து, சகோதரங்கள் ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் முகம் பாராமல் வழக்குப் பேசினார்கள்.

கை விளங்காவிட்டாலும் அறிவு தெளிவாக இருந்தால் கதை வேறு. அப்போது கைநாட்டு செல்லும். வாசித்து விளங்கப்படுத்தி, சாட்சிகள் முன்னால் எடுக்க வேண்டும். விளங்கும் நிலையில் இருக்கிறார் என்று அன்றைய திகதியில் வைத்தியரின் கடிதமும் எடுத்து வையுங்கள்.

உங்கள் அப்பாவின் நிலையில் வழி ஒன்றுதான். மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அவர் சொத்தைப் பார்க்க ஒருவரை நியமிக்கக் கேட்க வேண்டும். மாதக்கணக்கில் போகும், செலவும் ஆகும்.

போன வருடமே எழுதியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா? அதுவும் முழுதாக இல்லை. எங்கள் சட்டத்தில், கொடுத்தவரின் அறிவு போனால் அற்றோணியின் பலமும் போய்விடும். அதனால் அற்றோணியோடு மட்டும் நிற்காதீர்கள். வங்கிக் கணக்கை மனைவியோடு கூட்டுக் கணக்காக்கி, இருவரில் எவரும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். காலில் மாவுக்கட்டு, கிழமைக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு என்று உடம்பு மட்டும் முடங்கும் காலங்கள்தான் கூடுதலாக வருகின்றன. அங்கே அற்றோணி நன்றாகக் கைகொடுக்கும், முதலே எழுதியிருந்தால்.

லண்டனில் இருக்கும் அக்கா, அங்கே எழுதும் அற்றோணி நினைவு போன பிறகும் செல்லும் என்கிறார். உண்மையா? – மாங்குளம்

உண்மை. இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி 2007 முதல் அப்படி ஒரு நிலைத்த அற்றோணி இருக்கிறது. சொத்துக்கு ஒன்று, வைத்தியத்துக்கும் பராமரிப்புக்கும் இன்னொன்று. அங்கே பதிந்த பிறகே பாவிக்கலாம். கனடாவில் ஒன்ராறியோவிலும் இரண்டு வகையும் உண்டு. அக்காவின் அங்குள்ள வீட்டுக்கும் வங்கிக்கும் அது சரி. மாங்குளத்துக் காணிக்கு அதை அனுப்பி வைக்க வேண்டாம். இலங்கைத் தூதரகத்தில் கையொப்பமிட்டு இங்கே பதிய, இங்குள்ள முறைப்படி வேறொன்று எழுதச் சொல்லுங்கள். இங்கே அற்றோணிக்கான 1902ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தை 2022இல் திருத்தியிருக்கிறார்கள். ஆகவே மாமா பத்து வருடத்துக்கு முன் எழுதியதைப் பார்த்துப் பிரதி பண்ணவும் கூடாது.

பேர்மிற் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது) இரண்டு ஏக்கர் வாங்கினோம். உறுதி எழுத ஏலாது என்று விற்றவர் அற்றோணி எழுதித் தந்தார். இப்போது அவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் காணியைக் கேட்கிறார்கள். – ஒட்டுசுட்டான்

நீங்கள் காணி வாங்கவில்லை. ஒரு கடதாசி வாங்கியிருக்கிறீர்கள். கொடுத்தவர் கண் மூடியதும் அதுவும் முடிந்தது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் கொடுத்த காணியை, அதிகாரியின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் கைமாற்றினால் செல்லாது. பிரதேச செயலகத்தில் போய்க் கேட்காமல் காசைக் கொடுத்தது யார் பிழை? கொடுத்த காசுக்கு ரசீது, சாட்சி இருந்தால் எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள், காசையாவது கேட்டுப் பார்க்கலாம். பேர்மிற் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: உங்களுக்குப் பிறகு காணி யாருக்கு என்ற பின்னுரித்தாளரின் பெயரை நீங்கள் உயிரோடிருக்கும்போதே பதிய வேண்டும். செத்த பிறகு பதிய முடியாது.

என் கணவர் 2009இல் காணாமல் போனவர். சீதனக் காணியை விற்க அவருடைய கையெழுத்து வேண்டுமாம். அவர் பெயரில் நானே அற்றோணி எழுதலாமா? – புதுக்குடியிருப்பு

முடியாது அம்மா. அற்றோணியை அவர்தான் தந்திருக்க வேண்டும். ஆனால் கதவு அடைபடவில்லை. தேசவழமை என்ற வடபகுதித் தமிழரின் வழக்கச் சட்டத்துக்கு உட்பட்ட மனைவி தன் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று சொல்கிற அதே 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம், கணவர் இருக்கும் இடம் தெரியாவிட்டால் அந்தச் சம்மதத்தை மாவட்ட நீதிமன்றம் தரலாம் என்றும் சொல்கிறது. மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லை என்று எழுதியிருந்தீர்கள். எடுக்கத் தேவையில்லை. 2016 முதல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது, அதை எடுத்து மனுவோடு காட்டுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள்.

மச்சானுக்குக் கொடுத்த அற்றோணியை ரத்துச் செய்யலாமா? அவர் கோபிப்பார். – நெடுங்கேணி

செய்யலாம். நொத்தாரிசிடம் ரத்துப் பத்திரம் எழுதி, முதல் பதிந்த இடத்திலேயே அதையும் பதியுங்கள். மச்சானுக்கும் வங்கிக்கும் பதிவுத் தபாலில் அறிவியுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாயால் சொன்னது போதாது. கோபத்துக்கு என்னிடம் மருந்து இல்லை.

அற்றோணித் தத்துவக்காரர் எனக்காக மரணசாசனம் எழுதலாமா? – செட்டிகுளம்

இல்லை.

அற்றோணி மூலப்பிரதியைக் கறையான் அரித்துவிட்டது. – துணுக்காய்

பதிந்திருந்தால் சான்றுபடுத்திய பிரதி எடுக்கலாம். பதியவில்லை என்றால் புதிதாக எழுதுங்கள். இந்த முறை மண் சுவரோடு இருக்கும் ட்ரங்குப் பெட்டியில் வைக்காதீர்கள்.