ஹாஸ்டலில் விட்டு வந்த மகன், வராத ஜெபம்

கேள்வி: நான் சேலத்தில் நர்ஸ். வாரத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். பத்து வயது மகனை இந்த ஜூனில் ஏற்காட்டில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்தேன். போன மாதம் பார்க்கப் போய்விட்டுக் கிளம்பும்போது துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, “நான் சேட்டை பண்ணதாலதான் இங்க விட்டீங்களாம்மா?” என்று அழுதான். எல்லாரும் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில், “ஆமா, இப்படி அழுதா இங்கேயேதான் கிடக்கணும்” என்று கத்திவிட்டேன். இப்போது முழங்கால் போட்டால் ஜெபம் வருவதில்லை, அவன் முகம்தான் வருகிறது. தேவன் என்னை மன்னிப்பாரா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அன்றைக்கு அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எப்படி இறங்கியிருப்பீர்கள் என்று நினைத்தாலே மனசு கனக்கிறது.

இரண்டு விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டிச் சுமக்கிறீர்கள். ராத்திரியில் பிள்ளையை வீட்டில் தனியாக விட முடியாமல் ஹாஸ்டலில் சேர்த்தது பாவம் இல்லை. அதை இறக்கி வைத்துவிடுங்கள். கத்தினது தப்பு. அதை மட்டும் கையில் எடுப்போம்.

மன்னிப்பாரா என்றால், மன்னிப்பார். அறிக்கையிடுகிறவர்களை மன்னிக்க அவர் உண்மையுள்ளவர் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. ஆனால் அந்த வார்த்தை போய் விழுந்தது உங்கள் மகன் காதில். காணிக்கையோடு வரும்போது சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்றார் இயேசு (மத்தேயு 5:23, 24). முழங்கால் போடும்போது அவன் முகம் வருவதை நான் தண்டனையாகப் பார்க்கவில்லை. “முதலில் அவனிடம் போ” என்று அவர் சொல்வதாகவே எனக்குப் படுகிறது.

அடுத்த தடவை போகும்போது ஏரிக்கரையில் பக்கத்தில் உட்கார வைத்து, “அன்னைக்கு அம்மா சொன்னது பொய். நீ சேட்டை பண்ணதால இங்க விடல. அம்மாவுக்கு ராத்திரி வேலை, அதான். கத்தினது என் தப்பு, மன்னிச்சுக்கோ” என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு ‘ஆனா நீயும்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அவன் அழுதால் அழட்டும், யார் பார்த்தால் என்ன? அப்புறம் அங்கே எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, யாரையோ பார்த்துப் பயப்படுகிறான் என்று தெரிந்தால், வருஷம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கூட்டி வர வழி பாருங்கள்.

வார்த்தை வராத ஜெபத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வேதாகமத்தில் வருகிற அன்னாள் பிள்ளை கேட்டு ஜெபித்தபோது உதடு மட்டும்தான் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியனான ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்தார். கர்த்தர் அதைக் கேட்டார். டியூட்டியில் ஊசி மருந்து எடுக்கிற நேரத்திலும் மகன் பேரை மட்டும் சொன்னால் போதும், அதுவும் ஜெபம்தான்.

அந்த அன்னாளும் பால் மறந்த தன் மகன் சாமுவேலைச் சீலோவில் இருந்த ஆலயத்தில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினவள்தான். அவளுடையது கர்த்தருக்குக் கொடுத்த வாக்கு, அதாவது பொருத்தனை, உங்கள் நிலைமை வேறு. இருந்தாலும் அவள் வருஷந்தோறும் அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள் என்று 1 சாமுவேல் 2:19-இல் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். அளவெடுக்க மகன் பக்கத்தில் இல்லை. எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனதிலேயே கணக்குப் போட்டுத்தானே துணியை வெட்டியிருப்பாள்!

நீங்கள் போகிற நேரம் மலையில் குளிர் ஆரம்பித்திருக்கும். ஜூனில் வாங்கிய ஸ்வெட்டர் இந்நேரம் கை குட்டையாகியிருக்கும், ஒரு சைஸ் பெரிதாகப் பார்த்து வாங்கிப் போங்கள்.