சொந்த வீட்டில் முதல் குளிர்காலம்: ஸ்காபரோவிலிருந்து ஒரு பதில்

அன்புள்ள தம்பி,

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1960களில் கட்டிய, மாடியில்லாத பழைய பங்களா ஒன்றை ஆடி மாதம் வாங்கியதாகவும், மார்கழியில் யாழ்ப்பாணத்திலிருந்து மாமாவும் மாமியும் வருவதாகவும், கையில் 6000 டொலர் மிஞ்சியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வீடு கதகதப்பாக இருக்க வேண்டும், வருகிறவர்களுக்கு மனம் நிறைய வேண்டும், வீட்டின் பெறுமதியும் கூட வேண்டும். அதற்குக் குசினியில் கிரானைட் போடுவதா, வரவேற்பறையில் மின்சாரக் கணப்பு வைப்பதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் தள்ளி வையுங்கள். ஒரு ஏணியை எடுத்துக்கொண்டு, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே உள்ள அட்டிக்கின் மூடியைத் திறந்து பாருங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான்: இந்த ஊர்க் குளிரில் நம் பணம் கரைவது சூடு போதாமல் அல்ல, உண்டாக்கிய சூடு ஓடிப்போவதால். சூடான காற்று மேலே ஏறும். சீலிங்குக்கு மேலே சூட்டைத் தடுத்து நிறுத்தும் காப்பு மெலிந்திருந்தால், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இரவு முழுவதும் ஓடினாலும் கால் விறைக்கும். ஒன்ராறியோவில் இப்போது அட்டிக்குக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு ஆர்-60 (ஆர் என்பது காப்பு சூட்டை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு). ஊதிப் பரப்பும் செல்லுலோஸ் (காகிதத் துகள்) என்றால் ஏறத்தாழ ஒன்றரை அடி உயரம். உங்கள் வீட்டு வயதுக்கு அதில் பாதிகூட இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். ஓர் அடிக்கோலைச் செருகிப் பாருங்கள். ஆனால் அங்கே சாம்பல், பொன்னிறத்தில் மின்னும் சிறு கூழாங்கல் போன்ற துகள்கள் கிடந்தால் தொடாதீர்கள், மூடியைச் சாத்திவிட்டு இறங்கிவிடுங்கள். அது வெர்மிகுலைட். பழைய வீடுகளில் அதனோடு, நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அதைத் துறைசார்ந்தவர்களிடம் பரிசோதிக்கக் கொடுத்த பிறகுதான் அடுத்த வேலை.

காப்பு போட வருகிறவரிடம் முதலில் ஓட்டைகளை அடைக்கச் சொல்லுங்கள். மின்விளக்குப் பெட்டிகள், கழிவுக் குழாய் மேலே போகும் துளை, அட்டிக் மூடியின் விளிம்பு, இவற்றின் வழியாகத்தான் காற்று ஏறுகிறது. குளியலறை விசிறியின் குழாய் கூரைக்கு வெளியே போகிறதா, அட்டிக்குக்குள்ளேயே முடிந்துவிடுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே முடிந்தால் அந்த ஈரம் முழுவதும் பலகையில் உறைந்து, வெயில் வந்ததும் சொட்டும். அரசோ எரிவாயு நிறுவனமோ இதற்கு உதவித்தொகை தரும் திட்டங்கள் அவ்வப்போது இருக்கும். பெரும்பாலும் வேலை தொடங்குவதற்கு முன்பே வீட்டை மதிப்பிட்டிருக்க வேண்டும் என்பார்கள். ஆகவே முதலில் விசாரியுங்கள், பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.

முதல் பனி கொட்டிய மறுநாள் காலை வீதியில் நின்று கூரைகளைப் பாருங்கள். எந்த வீட்டுக் கூரையில் பனி முதலில் உருகுகிறதோ அந்த வீட்டின் சூடு மேலால் போகிறது. உருகிய நீர் கூரையின் குளிர்ந்த ஓரத்துக்கு வந்ததும் மறுபடி உறைந்து அணை கட்டும். பின்னால் வரும் நீர் வழியில்லாமல் ஓடுகளுக்கு அடியில் நுழைந்து சீலிங்கில் தேநீர் நிறத்தில் கறையாகும். கூரையோரத்தில் நீரை வடிக்கும் பீலியில் தொங்கும் நீண்ட பனிக்கூர்கள் படத்துக்கு அழகு, வீட்டுக்குக் கேடு. இலை உதிர்ந்து முடிந்ததும் கார்த்திகை மாதத்துக்குள் பீலிகளைத் துப்புரவு செய்துவிடுங்கள்.

அடுத்தது, நம் வீடுகளில் இருக்கும் ஒரு கருவி: ஊதுபத்தி. காற்று பலமாக அடிக்கும் நாளில் எல்லா யன்னல்களையும் சாத்தி, குசினி விசிறியையும் குளியலறை விசிறியையும் போடுங்கள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி யன்னல் சட்டங்கள், வாசற்கதவின் கீழ்விளிம்பு, வெளிச்சுவரில் உள்ள மின் செருகிகள், நிலவறையில் அத்திவாரமும் மரச்சட்டமும் சேரும் இடம் என்று மெதுவாகக் கொண்டு போங்கள். நேராக ஏறும் புகை எங்கே திடீரென்று வளைந்து அறைக்குள் சாய்கிறதோ, அங்கே பென்சிலால் ஒரு குறி போடுங்கள். என் வீட்டில் முதன்முதல் செய்தபோது பதினேழு குறிகள். ஒரு சனிக்கிழமையும் 80 டொலருக்கு வாங்கிய கோல்க் என்னும் அடைப்புப் பசையும் கதவுப் பட்டியும் போதுமாக இருந்தன. திரைச்சீலைகளைப் பூட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

ஃபர்னஸைக் குளிர் தொடங்குமுன் உரிமம் பெற்ற ஒருவரைக் கொண்டு ஒரு முறை சோதித்துவிடுங்கள். வடிகட்டியை நீங்களே மாற்றலாம். அதன் விளிம்பில் அளவு எழுதியிருக்கும், கடைக்குப் போகுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி இருக்க வேண்டும். வீட்டின் பக்கச் சுவரில் இரண்டு வெள்ளைக் குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், ஃபர்னஸ் அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது என்று அறியுங்கள். பெரும்பனி கொட்டும் இரவில் அவை மூடிக்கொண்டால் ஃபர்னஸ் நின்றுவிடும். வாசலைச் சவளால் வழிக்குமுன் அந்தக் குழாய்களைச் சுற்றி வழித்துவிடுங்கள்.

இனித் தண்ணீர். இதில் நான் பட்டது உண்டு. வீடு வாங்கிய முதல் ஆண்டு, தோட்டக் குழாயைக் கழற்றாமல் வெளிக் குழாயிலேயே விட்டுவிட்டேன். உள்ளே தேங்கிய நீர் உறைந்து, சுவருக்குள் இருந்த செப்புக் குழாயை விரல்நீளத்துக்குப் பிளந்திருக்கிறது. குளிர்காலம் முழுவதும் ஒன்றும் தெரியவில்லை. சித்திரையில் செடிக்குத் தண்ணீர் விடத் திறந்தேன். கால் மணி நேரம் கழித்து நிலவறைக்கு இறங்கியபோது படிக்கட்டின் கடைசிப் படியில் தண்ணீர். எங்கள் கல்யாண ஆல்பங்கள் இருந்த அட்டைப்பெட்டி மிதந்துகொண்டிருந்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், அம்மாவின் முகம் உள்ள படம் மட்டும் ஒன்றிரண்டு மிஞ்சியது. ஆகவே, ஐப்பசி முடியுமுன் தோட்டக் குழாயைக் கழற்றுங்கள், உள்ளே உள்ள அடைப்பானை மூடுங்கள், வெளிக் குழாயைத் திறந்தே விடுங்கள்.

குளிர்காலத்தில் நீங்கள் ஊருக்குப் போகும் ஆண்டும் வரும். நான்கு நாட்களுக்கு மேல் வீட்டில் ஆளில்லாவிட்டால், ஒருவர் நாள்தோறும் வந்து பார்க்க வேண்டும் அல்லது தண்ணீரை நிறுத்திக் குழாய்களை வடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இங்குள்ள பல காப்புறுதிப் பத்திரங்களில் உண்டு. உங்கள் பத்திரத்தில் அந்தப் பகுதியைத் தேடி வாசியுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுக்கும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். 2013 டிசம்பரில் உறைமழை பெய்து ரொறன்ரோவில் சுமார் 3 இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தபோது, எங்கள் வீதியில் எரிவாயு அடுப்பு இருந்த வீட்டில்தான் நான்கு குடும்பங்களுக்கு நத்தார் தினத்தன்று சோறு வெந்தது.

ஈரத்தைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். மாமி வந்ததும் காலையில் புட்டு, இரவில் இடியப்பம் என்று நீராவி எழும். அது யன்னல் கண்ணாடியில் வியர்த்து, சட்டத்தின் மூலையில் கரும் பூஞ்சணமாகும். அடுப்பு விசிறியைப் போட்டுவிட்டு வெளியே போய், சுவரில் உள்ள தகட்டு மூடி திறந்து ஆவி வருகிறதா என்று பாருங்கள். பல பழைய வீடுகளில் அந்த விசிறி வடிகட்டி வழியாகச் சுற்றி மறுபடி குசினிக்குள்ளேயே காற்றை விடும். கிரானைட்டுக்கு வைத்த காசில் ஒரு பங்கை அந்த விசிறியை வெளியே திருப்பச் செலவிடுங்கள். தாளித்த மணம் கம்பளத்தில் ஏறாமல் இருப்பதும் இதனால்தான். ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். சாதாரண நாட்களில் 30 முதல் 50 சதவீதம் நல்லது. வெளியே மைனஸ் 20 என்றால் 30ஐ ஒட்டி வைத்திருங்கள்.

பெறுமதி என்று கேட்டீர்கள். நாளை வீடு வாங்க வருகிறவர் கிரானைட்டைத் தடவிப் பார்ப்பார். அவர் கூட்டிவரும் பரிசோதகரோ டார்ச்சோடு அட்டிக்கில் ஏறுவார், நிலவறைச் சுவரில் ஈரம் அளப்பார், ஃபர்னஸின் வயதைக் கேட்பார். விலை குறைவது அவருடைய அறிக்கையால். செய்த ஒவ்வொரு வேலையின் ரசீதையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

வரவேற்புக்கு அதிகம் செலவு வேண்டாம். டிசம்பர் கடைசியில் சூரியன் நாலே முக்கால் அளவில் மறைந்துவிடும். வாசலிலும் படியிலும் மஞ்சள் ஒளி விளக்குப் போடுங்கள். உள்ளே நுழைந்ததும் ஈரச் சப்பாத்துகளுக்கு விளிம்பு உயர்ந்த தட்டு, அமர்ந்து கழற்ற ஒரு வாங்கு, குளிரங்கி மாட்டக் கொக்கிகள், வருகிறவர் காலுக்குத் துணிச் செருப்பு. படியில் உப்புத் தூவுங்கள், ஆனால் சாதாரண உப்பு மைனஸ் 10க்குக் கீழே போனால் சரியாக வேலை செய்யாது. அன்றைக்கு மணலைத் தூவுங்கள். தொட்டியில் கறிவேப்பிலை வைத்திருந்தால் இரவுக் குளிர் 10 டிகிரிக்கு இறங்குமுன் உள்ளே எடுத்து, தெற்கு யன்னலோரம், சூடான காற்று நேரே படாத இடத்தில் வையுங்கள். தண்ணீரைக் குறையுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தைப்பொங்கலன்று வெளியே பனி என்பதால் கராஜுக்குள் எரிவாயு அடுப்போ கரி அடுப்போ மூட்டுகிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. கதவைப் பாதி திறந்துவிட்டாலும் அங்கே செய்யாதீர்கள். அடுப்பு எரியும்போது உண்டாகும், உயிரைக் கொல்லும் வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. முற்றத்தில் பனியை வழித்து இடம் செய்து அங்கே பொங்குங்கள், அல்லது குசினி அடுப்பிலேயே பொங்குங்கள். படுக்கையறைகளுக்கு அருகில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம். உங்கள் கருவியின் பின்புறத்தைத் திருப்பி, காலாவதித் தேதியை இன்றே பாருங்கள்.

மாமா மாமிக்குக் கொடுக்கும் அறை வடக்குப் பக்கம் என்றால், அறையை மாற்றிக்கொள்ளுங்கள். இரவில் நீங்கள் 18 டிகிரியில் தூங்குவீர்கள். வெயிலிலிருந்து வந்த அவர்களுக்கு 21 வேண்டும். விமான நிலையத்துக்குப் போகும்போது இரண்டு குளிரங்கிகளையும் கம்பளிக் காலுறைகளையும் காரில் விட்டுவிடாமல், வெளியே வரும் வாசல்வரை கையில் எடுத்துச் செல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்