பெயரைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் கிரேட் 11 படிக்கும் மகள், கம்பியில்லாத் தொடர்புதான் படிப்பேன் என்கிறாள். அதிலும் வைஃபை ஓடும் அலைவரிசையில் செல்போன் நெட்வொர்க்கும் எப்படிச் சேர்ந்து ஓடுகிறது என்பதில்தான் அவளுக்கு ஆசை. கணிதத்தில் 58 வந்ததால், கணிதத்துக்குப் பதிலாக அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் எளிய பாடமான மேத்ஸ் லிட்டுக்கு மாறிவிடலாம் என்று பள்ளியில் பேச்சு. ஆறு மாத 5ஜி சான்றிதழ் ஒன்றுக்குப் பணம் கட்டிவிடலாமா என்று அவள் அப்பா யோசிக்கிறார். பெண் பிள்ளை டவரில் ஏறி வேலை பார்க்க வேண்டி வருமோ என்பது உங்கள் கவலை.

உங்கள் கவலையை முதலில் தீர்த்துவிடுகிறேன். டவரில் ஏறுவது தனித் தொழில். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். ரேடியோ பொறியாளரின் நாள் பெரும்பாலும் கணினியின் முன்னால்தான் போகும், அளவெடுக்க எப்போதாவது வெளியே போவார். அந்தப் பயம் வேண்டாம்.

மற்ற இரண்டும் அவ்வளவு லேசானவை இல்லை. மேத்ஸ் லிட்டுக்கு மாற விடாதீர்கள். அந்தச் சான்றிதழுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது புரிய, உங்கள் மகளுக்குப் பிடித்திருக்கும் விஷயம் என்னவென்று நீங்களும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

செல்போன் கம்பெனிகள் அலைவரிசையைக் காசு கொடுத்து வாங்குகின்றன. 2022 மார்ச்சில் தென்னாப்பிரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஐகாசா நடத்திய ஏலத்தில் ஆறு கம்பெனிகள் சேர்ந்து 14.4 பில்லியன் ராண்ட் கொடுத்தன. ஆனால் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் உரிமக் கட்டணமே இல்லை. உங்கள் வீட்டு வைஃபை, புளூடூத் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. 2023-ல் 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியையும் நம் நாட்டில் திறந்துவிட்டார்கள். இலவசம் என்பதால் கேள்வி கேட்பாரில்லை என்று அர்த்தமில்லை. எவ்வளவு சக்தியில் ஒலிபரப்பலாம் என்பதற்கு வரம்பு உண்டு, கருவிக்கு ஐகாசாவின் அங்கீகாரமும் வேண்டும். அதற்கு உட்பட்டு யாரும் பயன்படுத்தலாம். இவ்வளவு அகலமான இடம் காசில்லாமல் கிடக்கும்போது செல்போன் கம்பெனிகளின் கண் அதன்மேல் விழாமல் இருக்குமா?

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. காசு கொடுத்து வாங்கிய அலைவரிசையில் 4ஜி நெட்வொர்க், தலைவர் வைத்து நடத்தும் கோயில் கமிட்டிக் கூட்டம் மாதிரி. யார் எப்போது பேசலாம் என்று, போன்களோடு பேசும் டவர் கருவியான பேஸ் ஸ்டேஷன் ஒவ்வொரு மில்லி நொடிக்கும் தீர்மானிக்கிறது, அது சொல்லாமல் எந்தப் போனும் வாய் திறக்காது. வைஃபைக்குத் தலைவர் கிடையாது. ஒவ்வொரு கருவியும் காதைத் தீட்டிக் கேட்கும், அமைதியாக இருந்தால் பேசும், யாராவது பேசினால் காத்திருக்கும். முதல் வகைப் பழக்கம் உள்ளவரை இரண்டாவது வகை இடத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? கேட்காமலே பேசினால் வைஃபையை அமுக்கிவிடுவார். ரொம்ப மரியாதை பார்த்தால் அவருக்கு வாய்ப்பே வராது.

4ஜியை இந்த இலவச அலைவரிசையில் ஓட்ட 2014-ல் எல்டிஇ-யு என்ற பெயரில் முதல் வழி வந்தது. கொஞ்ச நேரம் ஒலிபரப்பி, கொஞ்ச நேரம் அணைந்து வைஃபைக்கு இடம் விடும் முறை அது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும் என்பது விதி என்பதால் அது அங்கே செல்லவில்லை. 2016-ல் எல்ஏஏ வந்தது. இதில் பேஸ் ஸ்டேஷனும் வைஃபை போலவே கேட்டுவிட்டுப் பேசும். தரவு அனுப்பும் சாதாரண வகையில், அலைவரிசை 43 மைக்ரோ நொடி அமைதியாக இருக்கிறதா என்று முதலில் கேட்கும். பிறகு 0 முதல் 15 வரை ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கலில் எடுத்து, 9 மைக்ரோ நொடிக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வரும். பூஜ்யம் வந்ததும் பேசலாம். நடுவில் வேறு யாராவது பேசினால் எண்ணிக்கை அங்கேயே நின்று, அவர் முடித்த பிறகு தொடரும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதினால் அடுத்த குலுக்கல் 31 வரை, அப்புறம் 63 வரை விரியும். இடம் கிடைத்தாலும் 8 அல்லது 10 மில்லி நொடிக்குமேல் பிடித்து வைத்திருக்கக் கூடாது.

போனிலிருந்து மேலே அனுப்புவது இன்னும் கஷ்டம், எனக்கு ரொம்பப் பிடித்த இடமும் அதுதான். "இந்த நேரத்தில் நீ அனுப்பு" என்று போனுக்குச் சொல்லவே பேஸ் ஸ்டேஷன் கேட்டுக் காத்திருக்க வேண்டும். சொல்லி முடித்து, போன் அனுப்ப வேண்டிய நேரம் வர 4 மில்லி நொடியாவது ஆகும். அதற்குள் பக்கத்து வீட்டு வைஃபை புகுந்துவிடலாம். போன் கேட்டுப் பார்க்கும், இடமில்லை, அதற்கென்று ஒதுக்கிய நேரம் வீணாகப் போய்விடும். தலைவர் அனுமதியும் வேண்டும், இடமும் காலியாக இருக்க வேண்டும் என்று போனுக்கு இரட்டைக் காத்திருப்பு. ஒரே அனுமதியில் பல மில்லி நொடிகளைச் சேர்த்துக் கொடுப்பது, சில நேரம் போன் தானாகவே அனுப்ப விட்டுவிடுவது என்று விதிகளின் அடுத்தடுத்த பதிப்புகளில் திருத்தினார்கள். 2020-ல் 5ஜிக்கும் இதே வேலைக்கு என்ஆர்-யு என்ற பெயரில் விதிகள் வந்தன.

பாருங்கள் அக்கா, ஆறே ஆண்டுகளில் மூன்று பெயர்கள். 2014-ல் முதல் பெயரை மட்டும் மனப்பாடம் செய்து சான்றிதழ் வாங்கியவருக்கு இன்று அதை வைத்து என்ன வேலை கிடைக்கும்? ஒரே காற்றை எத்தனை பேர் எப்படிப் பங்குபோடுவது என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு விடை தேடுகிறவருக்கு நிகழ்தகவும் திரிகோணமிதியும் புரோகிராமிங்கும் கைவசம் இருக்க வேண்டும். உங்கள் மகள் எதில் காலூன்ற வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மேத்ஸ் லிட் இந்த மூன்றுக்கும் வழி விடாது. அந்த மதிப்பெண் 90 ஆனாலும் பொறியியல் பட்டத்துக்கு யாரும் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். மாறினால் மதிப்பெண் அழகாக வரும் என்று பள்ளி சொல்வதில் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் மாறிய பிறகு திரும்பி வருவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

இது அவளுக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறதா என்று பார்க்க, வீட்டிலேயே ஒன்று செய்யலாம். ஆண்ட்ராய்டு போனில் வைஃபையை அளக்கும் இலவச ஆப் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். உங்கள் ஃபிளாட்டில் நின்றாலே அக்கம்பக்கத்து நெட்வொர்க் எல்லாம் 1, 6, 11 என்ற சேனல்களில் ஒன்றன்மேல் ஒன்றாக மலை மலையாகக் குவிந்திருப்பது தெரியும். மைக்ரோவேவ் அடுப்பை ஓடவிட்டு, பக்கத்திலேயே 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் வேகத்தை அளக்கச் சொல்லுங்கள். அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. அப்புறம் காகிதத்தில் ஒரு கணக்கு: இரண்டு கருவிகள் 0 முதல் 15 வரை குலுக்கினால் இரண்டுக்கும் ஒரே எண் விழும் வாய்ப்பு 16-ல் 1. மூன்று கருவிகளானால்? பத்தானால்? அதையே பைத்தானில் சின்ன நிரலாக எழுதி ஓட்டிப் பார்க்கட்டும். இரவு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் அலுத்துப்போனாலும் சொல்லுங்கள், அதுவும் நமக்கு உபயோகமான செய்திதான்.

சரி, படிப்பு எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். க்வாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் நான்கு ஆண்டு எலெக்ட்ரானிக் பொறியியல் இருக்கிறது. அங்கே சேரக் கணிதம், பௌதிக அறிவியல் இரண்டிலும் 70-ஐத் தாண்ட வேண்டும் என்று இலக்கு வைக்கச் சொல்லுங்கள். அவ்வளவு எட்டாவிட்டால் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது குறைந்த வழி என்று நினைக்காதீர்கள், கைவேலையில் தேர்ந்த பிள்ளைகள் பலருக்கு அதுதான் பொருத்தமான இடம். இரண்டுக்கும் விண்ணப்பம் சிஏஓ என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான் போகும். முதலில் தரும் தற்காலிக இடம் கிரேட் 11 மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் என்பதால் இந்த ஆண்டு முடிவுத் தேர்வு உங்களுக்கு முக்கியம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். எந்தத் தனியார் கல்லூரியானாலும் உயர்கல்வித் துறையில் பதிவு பெற்றதா, அந்தப் படிப்பு தகுதிகளைப் பதிவு செய்யும் அமைப்பான சாக்வாவில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ராண்ட் கூடக் கட்டாதீர்கள்.

வேலையைப் பற்றி நேராகவே சொல்கிறேன். இந்த விதிகளை எழுதுவதும் சிப் வடிவமைப்பதும் பெரும்பாலும் வெளிநாட்டில் நடக்கின்றன. இங்கே கிடைப்பது நெட்வொர்க் திட்டமிடல், சீரமைப்பு, சுரங்கங்களுக்கும் துறைமுகங்களுக்கும் தனி நெட்வொர்க் போடுவது, அதற்கான மென்பொருள் எழுதுவது. இதே கணிதம் வேறு இடங்களிலும் சோறு போடும். கரூ பாலைப்பகுதியில் 64 கிண்ணங்களோடு நிற்கும் மீர்காட் ரேடியோ தொலைநோக்கிக்கும் சிக்னல் தெரிந்தவர்கள்தான் தேவை, அந்தப் பக்கம் படிப்பு உதவித்தொகைகளும் உண்டு. பட்டத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று ஆண்டு பயிற்சி முடித்தால் நம் நாட்டுப் பொறியியல் கவுன்சிலான ஈசிஎஸ்ஏவில் பதிவு பெற்ற பொறியாளராக விண்ணப்பிக்கலாம். அதன் பட்ட அங்கீகாரம், நாடுகள் ஒன்றுக்கொன்று பொறியியல் பட்டங்களை ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கைக்குள் வருவதால் வெளிநாட்டிலும் மதிப்பு இருக்கும்.

இப்போது 58-ஐக் கவனிப்போம். கணிதத் தாள் இரண்டையும் எடுத்து, எந்தப் பகுதியில் எத்தனை மதிப்பெண் போனது என்று அவளையே ஓரத்தில் குறிக்கச் சொல்லி எனக்கு அனுப்புங்கள். முதல் தாளில் நிகழ்தகவையும் சார்புகளையும், இரண்டாம் தாளில் திரிகோணமிதியையும் முதலில் பார்ப்பேன். வடிவியல் நிரூபணத்தில் போயிருந்தால் எனக்குப் பெரிய கவலை இல்லை, பயிற்சியில் சரியாகும். திரிகோணமிதியில் போயிருந்தால் வரும் விடுமுறையிலேயே ஆசிரியர் ஒருவரிடம் உட்கார வைக்க வேண்டும். சான்றிதழுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியே அதற்குப் போதும் என்று அவள் அப்பாவிடம் சொல்லுங்கள். அவர் பேச விரும்பினால் சனிக்கிழமை காலையில் எனக்கு நேரம் இருக்கிறது. மகளையும் கூட்டி வரச் சொல்லுங்கள்.